முதலில் தோல் வேகட்டும்: ஆரஞ்சுத் தோல் மிட்டாய் வீட்டிலேயே செய்வது எப்படி

கேக்கில் போட ஆரஞ்சுத் தோல் இருக்கிறதா என்று நம் ஊர்க் கடைகளில் கேட்டால், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். அது டூட்டி ஃப்ரூட்டி, அதாவது பப்பாளிக்காய். காயைச் சின்னச் சதுரமாக நறுக்கி வேகவைத்துப் பாகில் ஊறவிட்டு, நிறமும் எசன்ஸும் சேர்த்திருப்பார்கள். பன்னுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அது நன்றாகவே இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிறிஸ்துமஸ் கேக்கைக் கடிக்கும்போது நடுவில் லேசான கசப்போடு மூக்கு வரைக்கும் ஏறுகிற ஒரு வாசனை வருமே, அதைப் பப்பாளிக்காய் தராது. அதற்கு நிஜமான தோல்தான் வேண்டும். அந்தத் தோலைத்தான் நாம் பழத்தைத் தின்றுவிட்டுக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எட்டு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் இதைச் செய்கிறேன். முதல் வருடம் செய்தது வீணாய்ப் போனது. அப்போது என் கையில் இருந்த குறிப்பில் தோலை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்துவிட்டு நேராகப் பாகில் போடச் சொல்லியிருந்தது. போட்டேன், ஒரு மணி நேரம் கொதித்தது, நிறமெல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆறியதும் எடுத்துக் கடித்தால் பல் இறங்கவில்லை. இன்னும் வேகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி பாகிலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன், அது இன்னும் இறுகிவிட்டது. ஒரு கிலோ ஆரஞ்சின் தோலும் அரைக் கிலோ சர்க்கரையும் போனதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

காரணம் புரிந்தது ஒரு தைப்பொங்கல் அன்று, வெண்கலப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது. சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகுதானே வெல்லத்தைப் போடுகிறோம்? முன்னாலேயே போட்டுவிட்டால் அரிசி அப்படியே நின்றுவிடும், எத்தனை நேரம் கிளறினாலும் வேகாது. தோலும் அப்படித்தான். தோலுக்கு உறுதி கொடுப்பது அதிலிருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள், ஜாம் இறுகுவதும் இதனால்தான். வெறும் தண்ணீரில் கொதிக்கும்போது பெக்டின் தளர்ந்து தோல் மெத்தென்று ஆகும். சர்க்கரை நிறைய இருக்கும் தண்ணீரில் அது தளராது, போதாததற்குச் சர்க்கரை தோலுக்குள் இருக்கும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். ஆகவே சர்க்கரை படும் நேரத்தில் தோல் எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ, கடைசியில் கிடைக்கப்போவதும் அதுதான், அதைவிட மென்மையாக ஒருநாளும் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

எந்தப் பழம்

தடித்த தோல் இருக்கும் ஆரஞ்சுதான் முதல் தேர்வு. பழக்கடைகளில் எகிப்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பெரிய ஆரஞ்சு கிடைக்கிறது, தோல் பழத்தோடு ஒட்டி இருக்கும், கையால் உரிக்க வராது, அந்த வகை. அதன் தோல் ஒரே சீராக அரை சென்டிமீட்டர் கனத்தில் வரும், பாகை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

நவம்பர், டிசம்பரில் நாக்பூர் கமலா வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது, விலையும் குறையும். அதன் தோல் மெல்லிசு, உள்ளே வெள்ளை கொஞ்சம்தான். ஆனால் வாசனையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சீக்கிரம் வெந்துவிடும், சீக்கிரம் குழைந்தும் விடும், அதனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சாத்துக்குடித் தோல் இரண்டுக்கும் நடுவில். ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்தான், ஆனால் அங்கே கத்தியால் சீவி எறிவதால் ஒரு துண்டு காகிதம் போலவும் அடுத்த துண்டு கனமாகவும் இருக்கும், ஒன்றாக வேகாது. வீட்டில் ஜூஸ் போடும்போது நாமே உரித்து வைப்பது நல்லது.

புளியங்குடிப் பக்கத்திலிருந்து வரும் நம் சின்ன எலுமிச்சை இதற்குச் சரிப்படாது. தோல் மிக மெல்லிசு, பாகில் போட்டால் கம்பி மாதிரி சுருண்டுவிடும். அதை ஊறுகாய்க்கே விட்டுவிடுங்கள். பம்பளிமாஸ், நார்த்தங்காய் இரண்டும் பிரமாதமாக வரும், ஆனால் வேலை கூடுதல், தனியாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பழங்களில் மெழுகுப் பூச்சு இருக்கும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்தும் அடித்திருப்பார்கள். நாம் தின்னப்போவது தோலை என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, பழங்களைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, புது ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவுங்கள். மெழுகு போனது கையிலேயே தெரியும், வழவழப்பு போய்த் தோலின் சின்னச் சின்னக் குழிகள் விரலில் தட்டுப்படும்.

உரித்தல், நறுக்குதல்

பழத்தின் தலையையும் அடியையும் மெல்லிசாகச் சீவிவிட்டு, மேலிருந்து கீழாக நான்கு கீறல் போடுங்கள், சுளையில் கத்தி படாமல். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் தோல் நாலு இதழாகக் கழன்று வரும். வெள்ளைப் பஞ்சைச் சுரண்டி எடுக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். கசப்பு அதில்தான் இருக்கிறது என்று பயந்து சுரண்டிவிட்டால், பாகைப் பிடித்துவைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது, மேல்தோல் மட்டும் காய்ந்து முறுகிப் போகும். மிட்டாய் கடிக்கும்போது மெத்தென்று இருப்பதே அந்தப் பஞ்சினால்தான். தொங்கிக்கொண்டிருக்கும் நாரை மட்டும் பிய்த்துப் போடுங்கள்.

ஒரு துண்டை எடுத்து எரியும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்து, மேல்பக்கம் சுடரைப் பார்க்கும்படி மடக்கி அழுத்திப் பாருங்கள். பொறிப் பொறியாய்த் தெறிக்கும். தோலிலிருக்கும் எண்ணெய் அது, நமக்கு வேண்டிய வாசனை மொத்தமும் அந்தச் சின்னப் பைகளுக்குள்தான் இருக்கிறது. தோலை அளவுக்கு மேல் தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிடக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான், கசப்போடு சேர்ந்து இதுவும் போய்விடும்.

தின்பதற்கு என்றால் விரல் அகலத்தில் பாதி வருகிற மாதிரி நீள நீளமாக நறுக்கலாம். கேக்குக்கு என்றால் இப்போதே பொடியாக நறுக்காதீர்கள், நீளமாகவோ நாலு இதழாகவோ வைத்துச் செய்துவிட்டு, உபயோகிக்கும் அன்று நறுக்கினால்தான் வாசனை புதுசாக இருக்கும்.

வேகவைத்தல்

நல்ல பெரிய பாத்திரத்தில் தோலைப் போட்டு, அது மிதக்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். வேண்டுமானால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு கசப்பு வெளியே வந்திருக்கிறது என்று தெரியும். மறுபடி புதுத் தண்ணீர், இந்த முறை உப்பு வேண்டாம், மறுபடி பத்து நிமிடம், கொட்டுங்கள். பெரிய ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் மூன்று தண்ணீர், கமலாவுக்கு இரண்டு போதும்.

கடைசித் தண்ணீரில் நேரக் கணக்கு பார்க்காதீர்கள். தோல் வேகும் வரை கொதிக்கட்டும். தடித்த ஆரஞ்சுத் தோலுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகும், கமலாவுக்கு பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு துண்டை வெளியே எடுத்து ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வெள்ளைப் பகுதி வெந்த உருளைக்கிழங்கு மாதிரி நசுங்க வேண்டும், மேல்தோலில் நகம் தடையில்லாமல் இறங்க வேண்டும். ரப்பர் மாதிரி திரும்ப எழும்பினால் இன்னும் வேகவில்லை. சந்தேகமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கொஞ்சம் கூடுதலாக வெந்ததைப் பாகு இறுக்கிச் சரிசெய்துவிடும், வேகாததைச் சரிசெய்ய ஒரு வழியும் இல்லை.

குக்கரில் வைக்கலாமா என்றால், தடித்த தோலுக்கு வைக்கலாம். ஒரு தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு விசில், பிரஷர் தானாக இறங்கட்டும், அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். அவசரத்துக்கு நானும் அப்படிச் செய்திருக்கிறேன். கமலாவைக் குக்கரில் வைத்தால் கூழாகிவிடும்.

வெந்ததை வடிகட்டியில் கொட்டி, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பிழியாதீர்கள், உடைந்துவிடும். அப்புறம் எடை போடுங்கள்.

பாகு

வெந்த தோல் 300 கிராம் இருந்தால் சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 300 மில்லி. அகலமான, அடிகனமான பாத்திரம். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்து, சர்க்கரை முழுசாகக் கரையும் வரை கிளறுங்கள். கரைந்து கொதி வந்ததோடு கரண்டியை எடுத்து வைத்துவிடுங்கள், இனிமேல் கிளறக் கூடாது. கிளறக் கிளறப் பாகு பூத்துவிடும், அதாவது மறுபடி சர்க்கரையாகவே கட்டிக்கொள்ளும். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், ஜாங்கிரிப் பாகுக்கு விடுவோமே, அதே காரணம்தான், புளிப்பு சேர்ந்தால் சர்க்கரையில் ஒரு பகுதி உடைந்து வேறு வகைச் சர்க்கரையாக மாறிவிடும், அது மீதிச் சர்க்கரையைக் கட்டிப்போக விடாது. பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் ஈர விரலாலோ ஈரப் பிரஷ்ஷாலோ துடைத்து உள்ளே தள்ளுங்கள்.

இப்போது தோலைப் போடுங்கள். பாகு தோலை மூடி நிற்க வேண்டும். தீயை நன்றாகக் குறைத்து, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ் வருகிற மாதிரி 20 நிமிடம். அப்புறம் அடுப்பை அணைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்து முடிக்கும் முறையும் உண்டு, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தோலுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே வருவது சீக்கிரம் நடந்துவிடும், அந்த இடத்துக்குச் சர்க்கரை உள்ளே போவதற்கு நேரம் பிடிக்கும். பாகு வேகமாகக் கெட்டியானால் தண்ணீர் மட்டும் வெளியேறி, தோல் சுருங்கிப் போகும். ராத்திரி ஊறினால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நிதானமாக நடக்கும். காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும், நேற்று ராத்திரி விட்டதைவிடப் பாகு நீர்த்திருக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சேரவில்லை, எல்லாம் தோல் விட்ட தண்ணீர். தோலோ முந்தின நாளைவிடக் கொஞ்சம் கண்ணாடித்தன்மை வந்து, கனத்துப்போய் அடியில் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த மூடியைத் திறக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வருகிறது.

இரண்டாம் நாள் மறுபடி சின்னத் தீ. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் குமிழ்கள் மாறும். முதலில் தண்ணீர் கொதிப்பது போல் வேகமாக வந்த சின்னக் குமிழ், இப்போது பெரிதாக, பளபளப்பாக, மெதுவாக எழுந்து உடையும். சத்தமும் மாறும், சலசலப்புப் போய் ஒரு கனமான சத்தம் வரும். அப்போதிலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒரு சொட்டுப் பாகைத் தட்டில் விட்டு ஆறவைத்து விரல்களுக்கு நடுவில் இழுத்துப் பாருங்கள், ஒரு கம்பிப் பதம் வந்தால் அணைத்துவிடலாம். தெர்மாமீட்டர் இருந்தால் 105, 106 டிகிரி செல்சியஸ். இரண்டு கம்பி வரை விட்டீர்கள் என்றால் ஆறியதும் தோல் மொறுமொறுத்து மிட்டாயாகக் கெட்டிப்பட்டுவிடும்.

தோல் சரியாக ஆகிவிட்டதா என்று பார்க்க, ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளையாக இருந்த பகுதி முழுக்க வெளிச்சம் ஊடுருவி, அல்வாத் துண்டு மாதிரி தெரிய வேண்டும். நடுவில் பால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே சர்க்கரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ரெண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு இன்னொரு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இன்னொரு ராத்திரி ஊறவிடுங்கள். நடுவில் வெள்ளை இருப்பதை அப்படியே பாட்டிலில் போட்டால் அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ருசி நன்றாக இருக்கும், கருப்பட்டியில் செய்ததற்கு எங்கள் வீட்டில் தனி ரசிகர்கள் உண்டு. ஆனால் வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கையில் ஒட்டாத பதத்துக்குக் காயாது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தின்றுவிடுவதாக இருந்தால் செய்யுங்கள். வெள்ளைச் சர்க்கரையில் இன்னொரு நன்மை, தோலின் வாசனைக்கு எதுவும் குறுக்கே வராது.

காயவைத்தல்

சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள், கீழே ஒரு தாம்பாளம் வையுங்கள், சொட்டுகிற பாகு வீணாகாது. கம்பித் தட்டு இல்லையென்றால் பெரிய கண் வைத்த சல்லடை போதும். மெல்லிய துணியால் மூடி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள்.

நம் ஊரில் இதைச் செய்யும் நேரம்தான் சிக்கல். கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்றால் வடகிழக்குப் பருவமழை, காற்றெல்லாம் ஈரம், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இரண்டு நாள் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. வடாம் மாதிரி வெயிலில் போடலாம் என்றால் வெயிலும் இருக்காது, எறும்பும் ஈயும் வந்துவிடும். ஓவன் இருந்தால் 60, 70 டிகிரியில் வைத்து, கதவை ஒரு மரக்கரண்டி செருகிக் கொஞ்சம் திறந்தபடி ஒரு மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு மணி நேரம். அதற்குமேல் சூடு வேண்டாம், பாகு நிறம் மாறி வாசனை கெடும்.

விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் பாகு வரக் கூடாது. அந்த நேரத்தில் சர்க்கரையில் புரட்டுங்கள். அதற்கு முன்னால் புரட்டினால் சர்க்கரை கரைந்து சேறாகும், ரொம்பக் காய்ந்துவிட்டால் சர்க்கரை ஒட்டாது. நம் சர்க்கரை கொஞ்சம் பெரிய பரலாக இருப்பதால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுத்தால் அழகாகப் பிடிக்கும், மாவாக அரைத்துவிடாதீர்கள். புரட்டியதை மறுபடி அரை நாள் காற்றில் விட்டு, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். வெளியில் ஒரு மாதம், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் வரை எனக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பயப்படுவதற்கு முன்னால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் சர்க்கரை, பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை, பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.

கேக்குக்காகச் செய்வதை நான் காயவைப்பதே இல்லை. பாகோடு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மென்மை அப்படியே இருக்கும், வேண்டியபோது எடுத்து, வடித்து, நறுக்கி, முந்திரி, திராட்சையோடு சேர்க்க வேண்டியதுதான். இலங்கையில் ரவையும் கஜுவும் (முந்திரிதான்) பாகில் ஊறிய பூசணித் துண்டான பூசணித் தோசியும் போட்டு ரிச் கேக் செய்கிறவர்களுக்கும் இப்படிப் பாகில் கிடக்கும் தோல்தான் வசதி.

பம்பளிமாஸும் நார்த்தங்காயும்

பம்பளிமாஸ் தோலில் பஞ்சு மட்டுமே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனம் இருக்கும். நாரிஞ்சின் என்ற கசப்புப் பொருளும் அதில் நிறைய. விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி காற்றுக் குமிழ்களை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு திரும்பவும் விரியும். மஞ்சளாக ஒரு கசப்புத் தண்ணீர் வெளியே வரும். வேகாத தோல் என்பதால் இதை மட்டும் பிழியலாம், உடையாது. அப்புறம் ஐந்து தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டும். பாகில் இரண்டு நாள் போதாது, நான்கு நாள், தினமும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அணைத்து மூடுவது. இவ்வளவும் செய்தால் கிடைப்பது ஆரஞ்சை மிஞ்சும், வாயில் வைத்தால் ஜெல்லி மாதிரி கரையும்.

நார்த்தங்காயை நாம் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துத்தான் பழக்கம், தயிர்சாதத்துக்கு அதற்கு ஈடு இல்லை. இதே குடும்பத்தில் வரும் தடித்தோல் சிட்ரனை இத்தாலிக்காரர்கள் முதலில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் சர்க்கரைப் பாகில் போட்டார்கள். லிவோர்னோ துறைமுகத்துக்குக் கோர்சிகாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் உப்புநீர் நிறைந்த பீப்பாய்களில் வந்து இறங்கியது, அங்கே மிட்டாயானது. மிலான் நகரத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டியான பனெட்டோனேயில் திராட்சையோடு இருக்கும் பச்சைத் துண்டு அதுதான். நமக்குத் தெரிந்த உப்பு வேலைதான் அங்கேயும் முதல் படி. ஆரஞ்சு என்ற பெயரும் நம் பக்கத்துச் சொல்தான் என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்பவர்கள், நாரத்தை போன்ற ஒரு திராவிடச் சொல் வடமொழிக்கு நாரங்கமாகப் போய், பாரசீகத்திலும் அரபியிலும் புரண்டு ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது.

செய்முறை இதுதான்: நன்கு பழுத்து மஞ்சளான நார்த்தங்காயின் தோலை எடுத்து, கை நிறையக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள், காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் நாலு தண்ணீர் கொதிக்கவைத்து, நகம் இறங்கும் வரை வேகவிட்டு, பம்பளிமாஸ் மாதிரியே நாலு நாள் பாகு. கசப்பு முழுசாகப் போகாது, போகவும் கூடாது. என் மாமியாருக்கு முதலில் இதில் நம்பிக்கையே இல்லை, உப்பு நார்த்தங்காய்க்கு வாங்கிய காயை இப்படிச் செய்கிறேனே என்று வருத்தப்பட்டார். இப்போது சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

ஏதாவது தவறினால்

பாகு பூத்துக் கட்டியாகிவிட்டால் பதறாதீர்கள். கால் டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சின்னத் தீயில் வைத்தால் கரைந்துவிடும். கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இரண்டு வாரம் பாகிலேயே வையுங்கள், அடங்கிவிடும். தோல் கெட்டியாகிப் போனால், முன்னாலேயே சொன்னேன், அதை மென்மையாக்க முடியாது, ஆனால் தூக்கிப் போட வேண்டாம். சக்கரைத்தூள் அளவுக்கு மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டால் ரவா லட்டிலும் கேசரியிலும் பிஸ்கட் மாவிலும் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். முதல் வருடம் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஒரு கிலோ வீணாகியிருக்காது.

கடைசியில் மிஞ்சுகிற பாகை மறக்காமல் வடிகட்டி எடுத்து வையுங்கள். தோலின் எண்ணெயும் பெக்டினும் இறங்கி, தேன் மாதிரி மினுமினுப்பாக இருக்கும். கேக் சூடாக இருக்கும்போது மேலே தடவலாம், பால் சேர்க்காத டீயில் ஒரு ஸ்பூன் விடலாம். எங்கள் வீட்டில் அது அவ்வளவு நாள் தங்குவதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்பூன் பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே சில்லென்று சோடா, அதிலேயே ஒரு வாரத்தில் பாட்டில் காலியாகிவிடுகிறது.